அத்திக்குள் குடித்தனம்

பூச்சியம்மா தொழிலுக்கு வந்த பதினேழு வருஷத்தில், மருந்தடிக்கக் கூப்பிட்ட இடத்தில் போய் நின்றுகொண்டு "அடிக்க மாட்டேன்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பூச்சியம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி என்று எந்த வீட்டில் எது ஊர்ந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே பெயர் மாறிவிட்டது. கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பத்து மாதம் கடலில்தான். அவருடைய தங்கைதான் இந்த நாத்தனார். இரண்டு பேருமாக ஒரு மூன்று சக்கர வண்டி, இரண்டு பம்பு, ஒரு ஏணியை வைத்துக்கொண்டு தொழில் நடத்தினார்கள். நாத்தனாருக்கு வாய் நீளம். ஆனால் ஆள் ஒல்லி. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பூனை போகிற இடத்தில் அவளும் போவாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் வாயை எவ்வளவு வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது பூச்சியம்மாவின் கணக்கு.

அவர்களைக் கூப்பிட்டது மூன்று தளமும் பன்னிரண்டு வீடுகளும் கொண்ட ஒரு குடியிருப்பு. எல்லா வீட்டுச் சமையலறைகளும் பின்பக்கம், ஒரு முற்றத்தைப் பார்த்தபடி இருந்தன. முற்றத்தின் நடுவில் ஓர் அத்திமரம். கிளையில் மட்டுமில்லை, அடிமரத்திலும் கொத்துக் கொத்தாகக் காய்கள், யாரோ பசை தடவி ஒட்டிவிட்டுப் போனது போல. தரையெல்லாம் சிவந்த பழங்கள் மிதிபட்டுக் கிடந்தன.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நிற்பதுகூட நட்டுவைத்த அளவுக்கல் மாதிரி நேராக இருக்கும்.

"சமையல்கட்டுல நிக்க முடியலம்மா. பாலை மூடறதுக்குள்ள நாலு பூச்சி விழுது. எல்லாம் இந்த மரத்தோட வேலை" என்றார். "மருந்தடிச்சுப் பாருங்க. அடங்கலேன்னா ஞாயித்துக்கிழமை மரம் அறுக்கிறவங்க வர்றாங்க. பன்னெண்டு வீட்ல பதினொரு வீடு கையெழுத்துப் போட்டாச்சு."

"போடாத அந்த ஒரு வீடு?"

"கீழ் வீட்டுத் தையல்காரர். அவருக்கு மெஷினுக்கு மேல நிழல் வேணும். மத்தவங்க எக்கேடு கெட்டா என்ன!"

பூச்சியம்மா குனிந்து ஒரு பழத்தை எடுத்து, இரண்டு கட்டைவிரலையும் வைத்துப் பிட்டாள். உள்ளிருந்து எள்ளைவிடச் சின்னதாக, கறுப்பாக, நாலைந்து பூச்சிகள் ஊர்ந்து வந்தன.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" செயலாளருக்கு வழக்கில் ஜெயித்த சந்தோஷம். "அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தைன்னு பழமொழியே இருக்கு."

"பழமொழி சொன்னவர் பிட்டுப் பாத்திருக்கார் சார். பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கலை" என்று சொல்லிக்கொண்டே அவள் இடுப்புப் பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்தாள். ஒரு பூச்சி அவள் விரல் நுனிவரை ஏறி, இறக்கையை ஒருமுறை துடைத்துக்கொண்டு, நேரே மேலே பறந்து கூரையைத் தாண்டிப் போயிற்று. சமையலறை ஜன்னல் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது குளவி. கொட்டாது, கடிக்காது. மொத்த ஆயுசே ஒரு நாள், ரெண்டு நாள். அதுக்குள்ள இன்னொரு அத்திமரத்தைக் கண்டுபிடிச்சுப் போயாகணும். உங்க பால் பாத்திரத்துல அதுக்கு என்ன வேலை?"

"அப்ப பால்ல விழுறது என்னதாம்?"

"அதான் எனக்கும் தெரியல. தெரிஞ்சுட்டு வர்றேன், சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. மரத்துல மட்டும் மருந்து அடிக்க மாட்டேன்."

செயலாளர் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். அதுக்கு மேல ஒரு மணி நேரம் கிடையாது" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். "என்ன அண்ணி இது? பூச்சி இருக்குன்னு கூப்பிட்டாங்க, பூச்சி இருக்கு, நம்மகிட்ட மருந்தும் இருக்கு. பழம் நழுவிப் பால்ல விழுந்தா, நீங்க பாலைத் தள்ளி வைக்கிறீங்களே!"

பூச்சியம்மா ஏணியை மரத்தில் சாய்த்து வைத்து, ஒட்டும் பசை தடவிய மஞ்சள் அட்டை ஒன்றைக் கிளையில் கட்ட ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு பழைய கதை இருந்தது. அது நாத்தனார் தொழிலில் சேருவதற்கு முன்னால் நடந்தது. ஓர் அச்சகத்தின் பின்கட்டில் இதே மாதிரி ஓர் அத்திமரம். மை காயாத தாள்களில் பூச்சி ஒட்டுகிறது என்று முதலாளி சொல்ல, அவள் மூன்று தவணையாக மருந்தடித்தாள். பத்தே நாளில் மரத்தின் கீழே பச்சைக் காயாகக் கொட்டியது. அடுத்த காய்ப்பும் அப்படியே. முதலாளி தரை சுத்தமாயிற்று என்று மகிழ்ந்து இன்னும் இரண்டு இடங்களுக்கு அவளைச் சிபாரிசு செய்தார். அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. காலையில் மைனாக்கள் கூட்டமாக வந்து, கிளை கிளையாகத் தாவிப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு திரும்பிப் போனதை அவள் நின்று பார்த்திருந்தாள்.

உதிர்ந்த காய்களில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு அவள் போனது ஒரு கல்லூரிப் பேராசிரியையிடம். பூச்சிகளைப் பற்றி இருபத்தைந்து வருஷமாகப் பாடம் எடுக்கிற அம்மாள். அவருடைய புத்தக அலமாரியைக் கரையான் தின்றபோது காப்பாற்றியது பூச்சியம்மாதான். அந்த உரிமையில் போனாள்.

அந்த அம்மாள் ஒரு காயைக் கத்தியால் இரண்டாக வகிர்ந்து கண்ணாடிக்குக் கீழே வைத்தார். "அத்தி பூத்த மாதிரின்னு சொல்றோமே, அது நம்ம கண்ணுக்குத்தான் அபூர்வம். இந்தக் காய்க்குள்ள இருக்கறது மொத்தமும் பூ. வெளியே காட்டாம உள்பக்கமாப் பூக்குது, அவ்வளவுதான்" என்றார். "உள்ள போய் மகரந்தம் சேக்க இந்தக் குளவியை விட்டா வேற நாதி இல்லை. நுனியில ஊசித் துவாரம் இருக்கு பாருங்க, அதுல நுழையும். நுழையும்போதே இறக்கை பிய்ஞ்சுடும். அப்புறம் வெளியே வர்ற பேச்சே இல்லை. முட்டையிட்டு, பூவுக்கு மகரந்தம் தடவிட்டு, அங்கேயே செத்துப்போகும். அதோட பிள்ளைங்க உள்ளேயே வளரும். ஆண் பிள்ளைங்க இறக்கையே இல்லாமப் பிறந்து, சுவரைக் குடைஞ்சு வழி பண்ணிக் குடுத்துட்டுச் செத்துடும். பொண்ணுங்க மகரந்தத்தைச் சுமந்துகிட்டு வேற மரத்துக்குக் கிளம்பும். அதுக்கப்புறம்தான் பழம் சிவந்து இனிப்பாகும். குளவி வரலேன்னா, 'இது வீண்'னு மரமே காயை உதிர்த்துடும்."

"அப்ப நான் அடிச்சது?"

"இந்த மரத்தோட காயை மட்டுமில்லை. இங்கேருந்து போகவேண்டிய குளவிக்காக எங்கேயோ ஒரு மரம் காத்துகிட்டு இருந்திருக்கும். அதுக்கும் சேத்துத்தான்."

அச்சகத்து மரத்தில் மறுபடி பழம் சிவக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. எங்கிருந்தோ காற்று கொண்டுவந்து சேர்த்த குளவிகள். அதுவரை வாரத்துக்கு ஒருமுறையாவது அவள் வண்டியை அந்தத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பாள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஏணியிலிருந்து இறங்கியதும் நாத்தனாரிடம்தான் முதன்முதலாகச் சொன்னாள்.

நாத்தனார் முழுதும் கேட்டுவிட்டு மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பாவம் அந்த ஆம்பிளைக் குளவி" என்றாள். "சரி, அட்டையைக் குடுங்க. எத்தனை வீட்ல வைக்கணும்?"

பன்னிரண்டு வீட்டுச் சமையலறைகளிலும் தலா ஒரு மஞ்சள் அட்டை வைத்தார்கள். அட்டையின் பின்னால் பூச்சியம்மா வீட்டு எண்ணும் தேதியும் பென்சிலால் எழுதினாள். கடைசியாகக் கீழ் வீட்டுத் தையல்காரரிடம் வந்தபோது, அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "வெட்டாம இருக்க வழி உண்டா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டார்.

"நிழலுக்காகவா கேக்கறீங்க?"

"நிழல் எந்த மரமும் தரும்மா. என் பொண்டாட்டி இதோட பிஞ்சைப் பிளந்து, உப்புத்தண்ணில ஊறவச்சுத் துவர்ப்பை எடுத்துட்டு, வதக்கிப் போடுவா. வாரத்துல ரெண்டு நாள் காய்கறிக் கவலை இல்லை. எனக்கு வாய்ப்புண்ணு வந்தா பட்டையைக் கொதிக்கவச்சுக் கொப்பளிப்பேன். கட்டி வந்தா மரத்துப் பாலைத் தொட்டு வைக்கிறது எங்க வீட்டு வழக்கம்." பிறகு முற்றத்தின் மூலையில் இருந்த கிணற்றைக் காட்டினார். "போன கோடையில தூர் வார இறங்கினவங்க சொன்னாங்க, அடியில போட்டிருக்கற வளையம் அத்திப் பலகையாம். செங்கல் உதிர்ந்திருக்கு, மரம் அப்படியே இருக்காம். வெளியில வச்சா ஒரு முக்காலி செய்யக்கூட லாயக்கில்லாத மரம், தண்ணிக்குள்ள போனா அசையாது. சில மனுசங்க அப்படித்தான். இடம் மாத்திப் போட்டா உதவாக்கரை."

"இதெல்லாம் கூட்டத்துல சொல்ல வேண்டியதுதானே?"

"நான் தைக்கிறவன். பேசத் தெரிஞ்சா ஏன் தைக்கிறேன்?" என்று அவர் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேரும் அட்டைகளைச் சேகரித்து முற்றத்தில் வரிசையாகப் பரப்பினார்கள். மரத்து அட்டையில் நாற்பதுக்கு மேல் கறுப்புக் குளவிகள். சமையலறை அட்டைகளில் ஒட்டியிருந்தவை வேறு இனம். சாம்பல் நிறம், இறக்கை முழுக்கப் பொடி மயிர், குட்டி அந்துப்பூச்சி மாதிரி. பூச்சியம்மா கண்ணாடியை வைத்ததுமே நிமிர்ந்தாள்.

"சாக்கடை ஈ" என்றாள். "குழாய்க்குள்ள சேர்ற கசடுலதான் இது பிறக்கும். மரத்துக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

கீழ் வீடுகளில் இரண்டு, மூன்று. நடுத்தளத்தில் பத்து, பதினைந்து. மேல்தளத்தில் ஓர் அட்டையில் மஞ்சளே தெரியவில்லை. நாத்தனார் அதைத் திருப்பி எண்ணைப் படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, இது செயலாளர் வீடு."

அவர் வீட்டில் இல்லை. மரம் அறுக்கிறவர்களைப் பார்க்கப் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா நாத்தம் நாத்தம்னு அடிச்சுக்கறேன். மரத்துல பழம் அழுகற நாத்தம்னு சொல்லி என் மூக்கையே பொய்யாக்கிட்டார். உள்ள வாங்க. எங்க வேணும்னாலும் பாருங்க."

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாகப் போட்ட மர அலமாரி. நாத்தனார் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தலையைச் சாய்த்து, தோளைக் குறுக்கி, மெல்ல மெல்ல உள்ளே போனாள். கடைசியில் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளேயிருந்து குரல் கேட்டது. "அண்ணி, அலமாரி அடிச்சப்போ ஆணி பட்டிருக்கு. குழாய் மூட்டு விலகிக் கெடக்கு. சுவத்துப் பக்கம் முழுக்க வழியுது. கறுப்பாக் கூழு மாதிரி... ஐயோ, நெளியுது!"

அந்தச் சமயம் பார்த்துச் செயலாளர் உள்ளே நுழைந்தார். தன் வீட்டு அலமாரியில் இருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"என்னைக் கேட்டு" என்றார் அவர் மனைவி.

பூச்சியம்மா அவரிடம் அட்டையையும் கண்ணாடியையும் நீட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, தோற்க மனசில்லாமல், "மரத்துல இருந்து வந்து இங்க குடியேறியிருக்கலாமே?" என்றார்.

"இருக்கலாம்" என்றாள் பூச்சியம்மா. "என் பேச்சை நம்ப வேண்டாம் சார். நீங்களே அளந்து பாருங்க. ஜன்னலை எல்லாம் இடுக்கில்லாம டேப் போட்டு ஒட்டிடுங்க. மரத்துப் பூச்சி வர வழியே இருக்கக்கூடாது. புது அட்டை ரெண்டு தர்றேன். ஒண்ணு சமையல்கட்டுக்கு உள்ள, ஒண்ணு ஜன்னலுக்கு வெளியே. சனிக்கிழமை சாயங்காலம் நீங்களே எண்ணுங்க. நான் தொடவே மாட்டேன்."

அளந்து பார் என்று சொன்ன பிறகு அந்த மனிதரால் மறுக்க முடியவில்லை. அன்றைக்கே ஏணி போட்டு ஏறி, ஜன்னல் சட்டத்தைச் சுற்றித் தன் கையாலேயே டேப் ஒட்டினார். இரண்டு இடத்தில் சுருக்கம் விழுந்திருப்பதாகச் சொல்லிப் பிய்த்து மறுபடி ஒட்டினார். அவர் மனைவி, "இந்தக் கவனம் அலமாரி அடிக்கும்போது இருந்திருக்கலாம்" என்று கீழேயிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லா வீட்டுக்காரர்களும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாத்தனாருக்கு உள்ளூரப் பயம். "அந்த ஆளு அட்டையைக் குப்பையில போட்டுட்டு வந்து, அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு சொன்னா என்ன பண்றது?" என்று முணுமுணுத்தாள்.

"சொல்ல மாட்டார்" என்றாள் பூச்சியம்மா. அவளுக்குச் சந்தேகமே இல்லை. பூச்சிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மனிதர்களும் கொஞ்சம் பிடிபடும். ஜன்னல் டேப்பில் விழுந்த சுருக்கத்தைப் பொறுக்காதவர், கண்ணால் எண்ணியதை மாற்றிச் சொல்ல மாட்டார்.

செயலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் இரண்டு அட்டைகள். இரண்டின் மேலும் ஸ்கேல் வைத்துப் பேனாவால் கட்டம் போட்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜன்னலுக்கு வெளியே இருந்த அட்டை. கறுப்புக் குளவி ஏழு. சாம்பல் ஈ, பூஜ்யம்." அட்டையை மாற்றிப் பிடித்தார். "உள்ளே இருந்த அட்டை. கறுப்புக் குளவி, பூஜ்யம். சாம்பல் ஈ, எண்பத்தொண்ணு. ஜன்னல் ரெண்டு நாளா மூடியிருந்தது. மூடினது நான்."

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மேலேர்ந்து கீழ வரைக்கும் குழாய் இறங்குற சந்து வழியா எல்லார் வீட்டுக்கும் போனது என் வீட்ல இருந்துதான். கல்லைத் தப்பான இடத்துல நட்டுட்டா, பிடுங்கி மறுபடி நடணும். முப்பத்தாறு வருஷம் அதான் என் உத்தியோகம். மரத்துக்கு எதிரா வாங்கின கையெழுத்தை நானே கிழிச்சுடறேன்."

கிழித்தும் விட்டார். அப்போதுதான் நடுத்தளத்து இளம் தாய் ஒருத்தி எழுந்தாள். "பூச்சி மரத்துலேர்ந்து வரலை, சரி. ஆனா பழம் விழுந்து வழுக்குதே? போன வாரம் நான் குழந்தையோட விழப் பாத்தேன். அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பூச்சியம்மாவும் அதை மழுப்பவில்லை. எழுந்து மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "நடைபாதைக்கு மேல வர்ற கிளை ரெண்டுதான். அதை மட்டும் எடுத்துடலாம். மத்த பக்கம் விழறதைத் தினம் காலையில கூட்டி மூலையில குழி வெட்டிப் போடுங்க, மக்கி உரமாகும். கீழே பழம் அழுகக் கிடந்தாத்தான் பழ ஈ வரும். யார் கூட்டறதுன்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க, அதுல நான் தலையிட மாட்டேன்."

அதை முடிவு பண்ணத்தான் கூட்டம் இன்னும் ஒரு மணி நேரம் நடந்தது. மரத்தை வெட்டப் பத்தே நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், துடைப்பம் யார் கைக்கு என்பதில் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். வாரத்துக்கு இரண்டு வீடு என்று கடைசியில் ஒருவழியாக ஏற்பாடாயிற்று.

மறுநாள் மரம் அறுக்கிறவர்கள் வந்தார்கள். முழு மரம் என்று நினைத்து வந்தவர்களுக்கு இரண்டு கிளைதான் என்றதும் முகம் சுருங்கியது. பூச்சியம்மா கீழே நின்று எங்கே அறுக்க வேண்டும் என்று கை காட்டினாள். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் வடிந்தது. தையல்காரர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு ஓடிவந்து ஏணிக்குக் கீழே நின்றுகொண்டார். "கட்டி வந்திருக்கா?" என்று நாத்தனார் கேட்டாள். "இன்னும் வரலை. வந்தா இருக்கட்டும்" என்றார். "வச்சிருந்தா காஞ்சு ரப்பராயிடும், போங்க" என்று அவள் அதட்டி அனுப்பினாள்.

குழாய் மூட்டை மாற்றி, குழாய் இறங்குகிற அந்தச் சந்து முழுவதையும் கழுவிச் சுத்தம் செய்ய இரண்டு நாள் பிடித்தது. அதற்கு மருந்து ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லை. கம்பித் துடைப்பமும் கொதிக்கிற தண்ணீருமே போதும் என்று சொல்லி, பூச்சியம்மா அதையும் கூட நின்று செய்வித்தாள். மூன்றாம் வாரம் போய் அட்டை வைத்துப் பார்த்தபோது, மேல்தளத்திலேயே இரண்டு ஈதான் ஒட்டியிருந்தது. செயலாளரின் மனைவி அவளைச் சமையலறைக்குள் கூட்டிப் போய், "மூச்சை இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்தாள். காப்பி வாசனைதான் வந்தது.

மேல்கிளைகளில் பழம் இன்னும் மிச்சமிருக்க, அடிமரத்தில் அடுத்த காய்ப்பு பிடித்திருந்தது. நுனித் துவாரத்தில் ஒரு குளவி தலையை நுழைத்துத் திணறிக்கொண்டிருப்பதை நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, "இறக்கை போச்சு அண்ணி! உள்ள போயிட்டா!" என்று கத்தினாள். நடுத்தளத்து ஜன்னல்களில் இருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. பார்க்க ஆள் சேர்ந்துவிட்டது என்றதும் அவளுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. ஒரு காயைப் பிட்டு, உள்ளே இருப்பது பூவா சொத்தையா என்று மேலே பார்த்துப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

தையல்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பழம் இருக்கிறது என்று தெரிந்து வௌவால்கள் வர ஆரம்பித்துவிட்டனவாம். காயப்போட்ட துணியெல்லாம் எச்சமாம். ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையை மூன்று தடவை துவைக்க வேண்டி வந்ததாம். "இதுக்கு ஏதாவது மருந்து இருக்காம்மா?"

"இருக்கு" என்றாள் பூச்சியம்மா, ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டே. "கொடியைக் கழட்டி அந்தப் பக்கம் கட்டுங்க."